கையில் கொடுக்காத மிளகாய்

1

ஊரிலிருந்து எழுதுகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது குளிரைப் பற்றி. இரண்டாவது, மிளகாயைப் பற்றி. குளிருக்குக் கம்பளி இருக்கிறது என்று பதில் எழுதிவிடலாம். மிளகாய்க்கு என்ன எழுதுவது? சீமையில் இந்தக் கார்டிஃப் துறைமுகத்துக்கு உலகத்துக் கப்பல் எல்லாம் வருகிறது. நிலக்கரி வேண்டுமா, மலை மலையாகக் காட்டுவார்கள். காய்ந்த மிளகாய் நாலு வேண்டும் என்று கடையில் கேட்டால் மிளகுத்தூள் டப்பாவை எடுத்து வைக்கிறார்கள். அதையும் இந்த ஊர்க்காரர்கள் பயந்து பயந்துதான் தூவிக்கொள்கிறார்கள்.

கப்பல்துறை ஓரத்தில் அரபிக்காரர் ஒருவர் கடை வைத்திருக்கிறார். அங்கே எப்போதாவது மிளகாய் கிடைக்கும். உறைக்கும், அவ்வளவுதான். உறைப்பு மட்டும் இருந்து வாசனை இல்லாத மிளகாய் எனக்கு எதற்கு? நாக்கைச் சுட்டுக்கொள்ள வேண்டுமென்றால் கொதிக்கிற தேநீர் போதுமே.

என் பெயர் ரோசாலி. ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்சந்தில் பிறந்து வளர்ந்தவள். என் வீட்டுக்காரர் சூசை சென்னைத் துறைமுகப் பட்டறையில் ஃபிட்டராக இருந்தார். யுத்தத்தில் கப்பல் இஞ்சின் அறைக்குப் போனார். யுத்தம் முடிந்ததும் இங்கே ஒரு கப்பல் பட்டறையில் ஒட்டிக்கொண்டார். பிறகு நானும் கைக்குழந்தையுமாக வந்து சேர்ந்தோம். அந்தக் கைக்குழந்தைக்கு இப்போது பத்து வயது. எலிசபெத் என்று பெயர்.

நாங்கள் கப்பலைவிட்டு இறங்கிய நாள் இந்த வாரம்தான் வந்தது. வருஷா வருஷம் அன்றைக்கு மீன் குழம்பு வைப்பது எங்கள் வழக்கம். எட்டு வருஷமாக வைத்த குழம்பெல்லாம் குழம்பு என்று பேர், அவ்வளவுதான். இந்த வருஷம் வைத்ததுதான் குழம்பு. சூசை இரண்டு கவளம் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

அந்தக் குழம்பில் போட்டது எங்கள் மிளகாய். விளைந்தது பக்கத்து வீட்டில். நடுவில் நடந்ததைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

2

ராயபுரத்தில் எங்கள் சந்தில் மண் என்று ஒன்று கிடையாது. மணல் உண்டு, ரயில் கரித்தூள் உண்டு, நண்டு ஓடு உண்டு. உடைந்த பானை, ஓட்டை வாளி, கப்பலில் இருந்து வந்த எண்ணெய் டின் இவற்றில் எருவைக் கொட்டி அம்மா செடி வளர்த்தாள். மிளகாய் ஒன்றைத் தவிர வேறு எதையும் வைக்க மாட்டாள். பூச்செடி வைத்தால் ஆடு தின்னும், மிளகாயை ஆடு தொடாது என்பது அவள் கட்சி. ஆடு தின்றதை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் அம்மாவிடம் அதை யார் சொல்வது?

அந்த மிளகாய்க்குக் கடைக்காரர்கள் என்ன பெயர் வைத்திருக்கிறார்களோ, நாங்கள் கிளிமூக்கு என்போம். விரல் நீளம்கூட இராது. மேலே தடித்து, நுனியில் கொஞ்சம் வளைந்திருக்கும். உறைப்பு மிதம்தான். பச்சையாகக் கிள்ளினால் மாங்காய்த் தோல் வாசனை அடிக்கும். பழுத்துக் காய்ந்த பிறகு குழம்பில் போட்டால் குழம்பு சிவந்து, சந்து முனைவரைக்கும் மணக்கும். எந்த வீட்டில் இன்றைக்கு மீன் என்று யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

விதை கொடுத்தது செல்லக்கா. காசிமேட்டிலிருந்து எங்கள் சந்துக்குக் கூடையில் மீன் கொண்டுவருகிறவள். கணவன் கட்டுமரத்தில் போவான். அவள் பிறந்த வீடு எண்ணூர்ப் பக்கம், உப்பளத்தை ஒட்டிய மணலில். அங்கே இந்த மிளகாயை வீட்டுக்கு வீடு வளர்ப்பார்களாம். மீன் கழுவின தண்ணீரைக் கீழே கொட்டாமல் செடிக்கு ஊற்ற வேண்டும், அதுதான் இதற்குத் தீனி என்று அவள் சொல்லிவைத்தாள். இன்னொன்றும் சொன்னாள்: முதல் பறிப்பு சமையலுக்கு, நடுப் பறிப்பு விதைக்கு, கடைசிப் பறிப்பு ஊறுகாய்க்கு. எங்கள் வீட்டில் அது ஞாயிற்றுக்கிழமைப் பூசை மாதிரி தவறாமல் நடந்தது.

யுத்த காலத்தில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியானது. நாங்களும் மூட்டை கட்டிக்கொண்டு திருவள்ளூர்ப் பக்கம் போனோம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிற வேலை, அவர் போக முடியாது. புறப்படும்போது அம்மா அவரிடம் உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லவில்லை. செடியைப் பார்த்துக்கொள் என்றாள். நாங்கள் திரும்பி வந்தபோது அப்பா கருவாடாக இளைத்திருந்தார். செடிகள் கொத்துக் கொத்தாகக் காய்த்திருந்தன. அம்மா முதலில் பார்த்தது செடியைத்தான். அப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சாகும்வரைக்கும் சிரித்தார்.

3

இங்கே வந்த பிறகு தம்பி ஒரு பார்சல் அனுப்பினான். கருவாடு, புளி, காய்ந்த கிளிமூக்கு. நேரில் வரவும் என்று சுங்கத்திலிருந்து சீட்டு வந்தது. அங்கே இருந்த அதிகாரி சின்னப் பையன் மாதிரி இருந்தார். பொட்டலத்தைப் பிரித்து உள்ளே மூக்கை விட்டுப் பார்த்தார். மூக்கை விடாதீர்கள் என்று சொல்ல எனக்கு இங்கிலீஷ் வருவதற்குள் தும்மல் வந்துவிட்டது.

தும்மி முடித்து, இது சாப்பாடா விதையா என்று கேட்டார். சாப்பிட்டால் சாப்பாடு, போட்டால் விதை என்றேன். அவருக்கு அது ஒத்துவரவில்லை. சாப்பாடு என்றால் ஒரு மேஜை, விதை என்றால் வேறு மேஜை, அதற்கு வேறு அதிகாரி, அவர் வியாழக்கிழமைதான் வருவார். என் கையிலோ குழந்தை. கடைசியில் அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதை யாராவது சாப்பிடுவார்களா என்று கேட்டார். நாங்கள் சாப்பிடுவோம் என்றேன். அப்படியானால் சாப்பாடு என்று அனுப்பிவிட்டார்.

சாப்பாடு போக மிஞ்சிய விதையை ஈரத்துணியில் முடிந்து, தேயிலை டப்பாவில் போட்டு, அடுப்பங்கரைச் சுவரோரம் வைத்தேன். முளைத்தது. ஜாம் டின்களில் நட்டு ஜன்னலில் வைத்தேன். வெயில் எங்கே என்று தேடித் தேடிச் செடி நெட்டையாகப் போனதே தவிர, பூத்த பூவெல்லாம் உதிர்ந்தது. அடுத்தடுத்த வருஷங்களிலும் அதே கதை. மீன் கழுவின தண்ணீர் ஊற்றினால் சரியாகும் என்று ஊற்றினேன். தெருவில் உள்ள பூனையெல்லாம் என் ஜன்னலடியில் வந்து உட்கார்ந்துகொண்டன. எலிசபெத்துக்கு ஒரே வெட்கம்.

அவளுக்கு எங்கள் சாப்பாடே வெட்கம்தான். குழம்பு மீனைத் தண்ணீர் டம்ளரில் முக்கிக் கழுவித்தான் தின்கிறாள். என்னை அம்மா என்று கூப்பிடுவதை விட்டுவிட்டாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி ‘மாம்’ என்கிறாள். நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில். திட்டினால் மட்டும் தமிழ் முழுசாகப் புரிகிறது. ஆகையால் நான் திட்டுவதை நிறுத்துவதில்லை.

4

பூனைகள்தான் பிரைஸ் அம்மாவை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தன. பக்கத்து வீட்டு விதவை. எனக்கு இருபது வயதாவது மூத்தவள். இந்தப் பூனைக் கூட்டம் எதற்கு என்று கேட்க வந்தவள், ஜன்னலில் இருந்த செடியைப் பார்த்ததும் கேட்க வந்ததை மறந்துவிட்டாள். இலையைக் கசக்கி முகர்ந்தாள். பூவைப் புரட்டிப் பார்த்தாள். இது தக்காளிக்குச் சித்தி மகள், இதற்குக் காலடியில் சூடு வேண்டும், ஜன்னலில் நின்றால் பூக்கும், காய்க்காது என்றாள்.

அவள் பின்கட்டில் தக்காளி வளர்க்கிற கண்ணாடி வீடு ஒன்று இருக்கிறது. அவள் கணவர் ஹியூ கட்டியது. யுத்தத்தில் குண்டு விழுந்து இடிந்த வீடுகளின் ஜன்னல்களைப் பொறுக்கிக்கொண்டு வந்து சேர்த்துச் சேர்த்துக் கட்டினாராம். ஒரு கண்ணாடி மாதிரி இன்னொரு கண்ணாடி இராது. ஒன்றில் திரைச்சீலைக் கொக்கிகூட இன்னும் இருக்கிறது. உள்ளே நுழைந்தால் சித்திரை மாத ராயபுரம். முதல் நாள் நான் வெளியே வர மனமில்லாமல் நின்றுகொண்டே இருந்தேன்.

ஒரு மூலையை எனக்கு ஒதுக்கினாள். மீன் தண்ணீர் மட்டும் உள்ளே வரக் கூடாது என்று ஒரே ஒரு நிபந்தனை. செடி பூத்ததும் ஒரு குச்சியை எடுத்து வந்தாள். நுனியில் முயல் வால் கட்டியிருந்தது. அந்த வாலால் ஒவ்வொரு பூவையும் மெதுவாகத் தடவினாள். உள்ளே வண்டு வராது, ஆகையால் நாம்தான் வண்டு என்றாள். குச்சியை என்னிடம் கொடுத்தாள். நான் சிரித்த சிரிப்பில் அதைக் கீழே போட்டுவிட்டேன். ஆனால் பூ உதிரவில்லை. பத்து நாளில் காய் தலை நீட்டியது, நுனி வளைந்து.

மத்தியானங்களில் அவள் தேநீர் கொண்டுவருவாள். வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவோம். எனக்கு இங்கிலீஷ் வந்தது அந்த வாளியின் மேல்தான். இந்த ஊரில் எனக்கு இருந்த சிநேகிதி அவள் ஒருத்திதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தச் சமயத்தில்தான் அம்மாவிடமிருந்து செய்தி வந்தது. அப்பா போன பிறகு அவள் தம்பியோடு பெரம்பூர் ரயில்வே குடியிருப்புக்குப் போய்விட்டாள். செடிகளைச் செல்லக்காவிடம் ஒப்படைத்திருந்தாள். அந்த வருஷம் கடல் உள்ளே வந்து செல்லக்கா இருந்த வரிசையையே கொண்டுபோய்விட்டது. ஆட்களுக்கு ஒன்றுமில்லை. பானையும் செடியும் போயின. எண்ணூரில் அவள் பிறந்த வீட்டிலும் இப்போது யாரும் இல்லை. அம்மா சொல்லச் சொல்லத் தம்பி அப்படியே எழுதியிருந்தான்: “செல்லக்கா திருவொத்தியூர் பக்கம் புச்சா வூடு போட்டுகினு கீது. மொளகா விதை கேட்டுகினே கீது. இங்க ஒண்ணும் இல்ல. உன்னாண்ட கீறதுதான் மிச்சம். அனுப்பு.”

ராயபுரத்து மிளகாய்க்கு விதை கார்டிஃபிலிருந்து போக வேண்டும் என்றால் யாராவது நம்புவார்களா? எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. கையிலிருந்த பழைய விதையெல்லாம் போட்டு முடிந்துவிட்டது. கண்ணாடி வீட்டில் நின்ற மூன்று செடிகள்தான் இனி எல்லாம்.

5

இலையுதிர் காலம் ஆரம்பித்தபோது முதல் காய்கள் சிவந்தன. நல்ல சிவப்பு. முதல் பறிப்பு சமையலுக்கு என்றாலும், செடி நிற்கிற இடம் யாருடையதோ அவர்களுக்குக் கொடுக்காமல் நாம் தின்னக் கூடாதல்லவா? பறித்து முந்தானையில் துடைத்து வைத்திருந்தேன். பிரைஸ் அம்மா உள்ளே வந்தாள். பார்த்ததும் முகம் மலர்ந்து கையை நீட்டினாள்.

நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். மிளகாயைப் பலகைமேல் வைத்து, எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

நம்மவர்களுக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை. உப்பும் மிளகாயும் கைக்குக் கை போகக் கூடாது, போனால் சண்டை வரும். கீழே வைக்க வேண்டும், அவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். கோயிலுக்குப் போகிறவர்களும் மாதா கோயிலுக்குப் போகிறவர்களும் இதில் ஒரே கட்சி. நான் யோசித்துச் செய்யவில்லை. கை தானாகச் செய்தது.

அவள் நீட்டிய கையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கையை மடக்கிக்கொண்டாள். மிளகாயைத் தொடாமல், அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் நான் போனபோது கண்ணாடி வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது. இத்தனை நாளும் அதற்குப் பூட்டு உண்டு என்பதே எனக்குத் தெரியாது.

ஊரில் ஒரு தடவை இந்த வழக்கம் தவறியது. அடைமழை நாள், கீழே எங்கே பார்த்தாலும் தண்ணீர். கூடை நிறைய மீன். போனால் போகட்டும் என்று அம்மா மிளகாயைச் செல்லக்கா கையிலேயே கொடுக்கப் போனாள். செல்லக்கா பதறினாள். “கையில குடுக்காத அண்ணி, அப்பால உனுக்கும் எனுக்கும் ஆவாம பூடும்” என்றாள். சொல்லிக்கொண்டே வாங்கியும் கொண்டாள். அடுத்த வாரமே சங்கரா மீன் நாறிப்போச்சு என்று இருவருக்கும் தெருச் சண்டை. தவக்காலம் முடிகிறவரைக்கும் பேசவில்லை. பிறகு சமாதானமானபோது மீனைக் குறை சொல்லவில்லை, மிளகாயைத்தான் சொன்னார்கள்.

நான் எப்படி அதை மீறுவேன்? இந்த ஊரில் இருக்கிற ஒரே சிநேகிதியோடு சண்டை வந்துவிடக் கூடாதே என்றுதானே கீழே வைத்தேன். மாதா மன்னிக்கட்டும், பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

6

ஆனால் நான் கீழே வைத்தது அவளுக்கு எப்படிப் பட்டது என்று அப்போது எனக்குத் தெரியாது. அவளுக்கு என்ன கோபம் என்றே விளங்கவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்ப்பேன். கண்ணாடிக்குள் என் மூன்று செடிகளும் தெரியும். பலகைமேல் வைத்த மிளகாய் வைத்தபடியே சுருங்கிக்கொண்டிருந்தது. விதைக்கு விட வேண்டிய நடுக் காய்கள் பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறிக்கொண்டிருந்தன. பனி விழ ஆரம்பித்தால் ஒரே நாளில் செடி கறுத்துவிடும். செல்லக்காவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

ஒன்றைக் கவனித்தேன். நான் தண்ணீர் ஊற்றவில்லை, ஆனால் இலை வாடவில்லை. பனி இறங்கின சாயங்காலம் உள்ளே மண்ணெண்ணெய் அடுப்பு எரிவது தெரிந்தது. என்மேல் கோபமாக இருந்துகொண்டே என் செடியைப் பார்த்துக்கொள்கிறாள். அவள் என் செடியைப் பட்டினி போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

சூசைக்கு இதெல்லாம் வேடிக்கை. “இன்னா ரோசா, ஒரு மொளகாய்க்கா இம்மாம் பேஜாரு? நேரா போயி கேளு. முழுங்கியா பூடுவா?” என்றார். அவருக்கென்ன, பட்டறையில் யாரோடாவது சண்டை வந்தால் மத்தியானம் ஒரு சிகரெட்டில் தீர்ந்துவிடும்.

எலிசபெத்தைக் கூப்பிட்டு, நீ வந்து என் பக்கத்தில் நின்று, நம் ஊர் வழக்கத்தை அவளுக்கு நல்ல இங்கிலீஷில் எடுத்துச் சொல் என்றேன். கையில் கொடுத்தால் சண்டை வரும் என்பதையா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “நான் சொல்ல மாட்டேன் மாம். சிரிப்பாங்க” என்றாள். முகம் சிவந்துவிட்டது. அவளை நான் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குப் புரிந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

ஒரு நாள் ரொட்டி வாங்கத் தெருமுனைக் கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் நின்றவளுக்குக் கடைக்காரி மீதிச் சில்லறையைக் கையில் கொடுத்துச் சிரித்தாள். என் முறை வந்தது. நான் கையை நீட்டினேன். அவள் சில்லறையை என் கைக்கு ஒரு சாண் தள்ளி, பலகைமேல் வைத்தாள்.

இது புதிதில்லை. அவள் எனக்கு எப்போதும் அப்படித்தான் வைப்பாள். கறுப்புக் கை பட்டுவிடுமோ என்று. போன வருஷம் இதைப் பிரைஸ் அம்மாவிடம் சொல்லி, கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து அழுதுகூட இருக்கிறேன். அவள் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து அந்தக் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். முழங்கால் வலியோடு மேட்டுக் கடைவரைக்கும் நடந்து போய் ரொட்டி வாங்குகிறாள். நான்தான் சோம்பல்பட்டுக்கொண்டு இன்னும் இங்கேயே வாங்குகிறேன்.

பலகைமேல் கிடந்த சில்லறையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் பிரைஸ் அம்மாவின் நீட்டிய கை என் கண்ணுக்குத் தெரிந்தது. எனக்காகக் கடையை விட்டவளுக்கு, அந்தக் கடைக்காரி எனக்குச் செய்ததையே நான் செய்திருக்கிறேன். என் இடத்தில் நின்று பார்த்தால் அது மிளகாய் வழக்கம். அவள் இடத்தில் நின்று பார்த்தால் அது வேறு எதுவாக இருக்க முடியும்? சில்லறையை எடுத்தேனா, ரொட்டியை எடுத்தேனா நினைவில்லை. வீட்டுக்குப் போகாமல் நேராக அவள் கதவைத் தட்டினேன்.

7

கதை கேட்கிறவர்களுக்கு முடிவு முதலில் தெரிந்தாக வேண்டும். சொல்லிவிடுகிறேன்: விதை ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. நடுப் பறிப்பு விதை, சாம்பலில் புரட்டிக் காயவைத்து, சணல் துணியில் தைத்து அனுப்பினேன். திருவொத்தியூரில் செல்லக்காவின் புது வீட்டு வாசலில் முளைத்துவிட்டதாம். இனி பூட்டு எப்படித் திறந்தது என்பதைக் கேளுங்கள்.

பிரைஸ் அம்மா கதவைத் திறந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. நான் “கண்ணாடி வீடு” என்று மட்டும் சொன்னேன். சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். பூட்டைத் திறந்து ஒதுங்கி நின்று, செடிகளை எடுத்துக்கொண்டு போகத்தானே வந்தாய், தொட்டி கனம், உன் புருஷனைக் கூப்பிடு என்றாள்.

கண்ணாடி வீட்டுக்குள் அதே சூடு, அதே தக்காளி இலை வாசனை. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அத்தனையும் காணாமல் போனது. மிஞ்சியதை வைத்துக்கொண்டு சொன்னேன். அதைத் தமிழில் எழுதினால் இப்படித்தான் இருக்கும்: “எங்க ஊர். மிளகாய் கை கை இல்லை. மிளகாய் கை கை, அப்புறம் சண்டை. நான் நீங்க சண்டை வேண்டாம். அதனால் பலகை. கடைக்காரி மாதிரி இல்லை. அது நான் இல்லை. இது மிளகாய்.”

சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். பலகைமேல் சுருங்கிக் கிடந்த மிளகாயைப் பார்த்தாள். நம்மிருவருக்கும் சண்டை வரக் கூடாது என்றா அங்கே வைத்தாய் என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கீழே வைத்தால் சண்டை வராது, அப்படித்தானே என்றாள். ஆமாம் என்றேன். நாம் பேசி எத்தனை வாரம் ஆகிறது என்றாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ஹியூ போய் ஆறு வருஷம் ஆகிறது, ரோசி” என்றாள். “ஆறு வருஷமாக இந்த வீட்டில் எனக்குச் சண்டை போட ஆள் கிடையாது.”

கையை நீட்டினாள். “கையிலேயே கொடு” என்றாள்.

செடியில் நன்றாகச் சிவந்திருந்த ஒன்றைக் கிள்ளினேன். என் உடம்பில் இருக்கிற ராயபுரம் முழுவதும் வேண்டாம் வேண்டாம் என்று கத்தியது. அவள் உள்ளங்கையில் வைத்தேன். என் விரல் அவள் கையில் பட்டது. மண்வேலை செய்து சொரசொரத்த கை, என் அம்மா கை மாதிரி. அவள் விரல்களை மூடிக்கொண்டாள். மிளகாயோடு என் விரலும் உள்ளே மாட்டிக்கொண்டது.

“இப்போது கேட்டுக்கொள்” என்றாள். இந்தச் செடிகளுக்கு நான் தண்ணீர் ஜாஸ்தி ஊற்றுகிறேனாம். முதல் நாளிலிருந்து சொல்ல நினைத்தாளாம். மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டிருந்தாளாம். வேர் அழுகாமல் இத்தனை நாள் நின்றது அவள் செய்த புண்ணியமாம். நான் விடுவேனா? மிளகாய் வளர்க்க எனக்குக் கற்றுக்கொடுக்க வந்துவிட்டீர்களா என்று ஆரம்பித்தேன். தக்காளி வேறு மிளகாய் வேறு, சித்தி மகள் என்றால் ஒரே சாப்பாடா சாப்பிடுவார்கள் என்று கேட்டேன். அவளுக்குக் கோபம் ஏற ஏற இங்கிலீஷ் போய் அவள் தாய்மொழி வெல்ஷ் வந்தது. எனக்கு இங்கிலீஷ் போய் ராயபுரம் வந்தது. அவள் சொன்னது எனக்குப் புரியவில்லை, நான் சொன்னது அவளுக்குப் புரியவில்லை. இருவரும் நிறுத்தவும் இல்லை.

சத்தம் கேட்டு எலிசபெத் சுவரருகே ஓடிவந்தாள். முகம் வெளுத்துப்போயிருந்தது. கண்ணாடிக்குள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “அம்மா, அவங்க இன்னா சொல்றாங்க?” என்று கேட்டாள். தமிழில்தான் கேட்டாள்.

“யாருக்குத் தெரியும்?” என்றேன். “நீ போயி டீக்குத் தண்ணி வையி. இது இன்னிக்கு முடியற சண்ட இல்ல.”